பார்த்தலோமியூ பிரபுவின் மீதி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நார்மன் கிரேத்தோர்ன் ஸ்டோவர்பி ஆவணக் காப்பகத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நனைந்த கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். குடையைச் சொருகினார். பேனாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டார். செத்தவர்களின் காகிதத்தைப் பார்க்கப் போகும்போது மை கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே சட்டம். ஏழு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் இதே சடங்குதான்.

நார்மனுக்கு எழுபத்திரண்டு வயது. முப்பத்தோரு வருஷம் ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் மேற்பார்வையாளர். அந்த வேலைக்கு வருகிற எவருக்கும் ஆறு மாதத்தில் மூக்கு மரத்துவிடும். இவருக்கு மரக்கவில்லை. கடைசி நாளும் முதல் நாள் மாதிரியே நாறியது. ஓய்வு பெற்ற பிறகு இருதய டாக்டர் ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்து, "ரெண்டு வருஷம். நல்லபடியா நடந்துக்கிட்டா மூணு" என்றபோது நார்மனுக்குச் சாவைப் பற்றிப் பயம் வரவில்லை. ஊர்ப் பொதுக் கல்லறை சுத்திகரிப்பு நிலையத்துக்கு அடுத்த வேலியில் இருக்கிறதே என்ற பயம்தான் வந்தது.

"உயிரோட முப்பத்தோரு வருஷம் அந்த வாடையில நின்னாச்சு. செத்தும் அங்கேயா படுக்கணும்?"

"செத்தப்புறமும் மூக்கு வேலை செய்யும்னு உனக்கு யார் சொன்னா?" என்றாள் மனைவி க்வெண்டா.

"என் மூக்கைப் பத்தி உனக்குத் தெரியாது."

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. ஆஷ்வித்தம் தேவாலயத்தின் தரைக்கடியில் கிரேத்தோர்ன் குடும்பத்துக்கென்று ஒரு நிலவறை உண்டு. வறண்ட கல் அறை. சுண்ணாம்பைத் தவிர வேறு வாசனை கிடையாது. உள்ளே இன்னும் இரண்டு பேருக்கு இடம் காலி. ஆயிரத்து அறுநூற்று எழுபத்தொன்றில் செத்த பார்த்தலோமியூ கிரேத்தோர்ன் பிரபுவின் ரத்தம் என்று காகிதத்தோடு நிரூபித்தால் அதில் ஒன்று கிடைக்கும். பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது என்று பாதிரியார் ரோஸலிண்ட் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

நார்மன் ஏழு மாதமாக ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று படி படியாகப் பின்னால் போனார். தாத்தா செருப்பு தைத்தவர். அவருடைய தாத்தா ஆடு திருடி மாட்டிக்கொண்டவர். அவருக்கும் மேலே ஒருவர், தேவாலயத்தில் பிரசங்கத்தின் நடுவே குறட்டை விட்டதற்காகத் தண்டனை வாங்கியவர். அந்தக் குறட்டைக்காரரின் கொள்ளுத்தாத்தா தாமஸ். தாமஸைப் பிடித்ததும் பழைய காகிதங்களில் வீட்டுக்குப் பெரிய கதவு, வாசலில் வண்டி, ஊரில் மரியாதை எல்லாம் வந்துவிட்டன. தாமஸின் அப்பாதான் பார்த்தலோமியூ.

சிக்கல் ஒன்றே ஒன்று. பார்த்தலோமியூ இரண்டு தடவை புதைக்கப்பட்டிருந்தார்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஹோல்பி என்ற ஊரில். ஆகஸ்ட் பதினான்காம் தேதி, நாற்பது மைல் தள்ளி, ஆஷ்வித்தத்தில். ஹோல்பியின் மூலப் பதிவேடு பழுது பார்க்கப் போயிருந்தது. அதனால் அந்தக் காலத்தில் வருஷத்துக்கு ஒருமுறை பிஷப்புக்கு அனுப்பிய நகலைத்தான் பார்க்க முடிந்தது. நகலெடுத்த குமாஸ்தா தேதியையும் பெயரையும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுகிற சோம்பேறி.

வம்சாவளி தேடுகிறவர்களிடம் இதற்கெல்லாம் விடை தயாராக இருக்கும். ஒரே பெயரில் இரண்டு அடக்கம் என்றால் ஒருவர் அப்பன், இன்னொருவர் மகன். காய்ச்சல் வந்து அடுத்தடுத்துப் போயிருப்பார்கள். நார்மனும் அப்படியே நம்பி, தன் வம்ச மரத்தில் ஒரு கிளையைக் கூடுதலாக வரைந்தார்.

"ரெண்டு பிரபுவா?" என்றாள் க்வெண்டா. "ஒருத்தர் பேரனையே வீட்டுல வெச்சுச் சமாளிக்க முடியல."

அன்று காலை படிப்பறை மேற்பார்வையாளர் டெல்மா அவரைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "மிஸ்டர் கிரேத்தோர்ன், ஹோல்பி புத்தகம் தைச்சு வந்தாச்சு. மத்தியானம் எடுத்துத் தர்றேன். கூடவே பிரபுவோட உயில் வழக்குக் கட்டு ஒண்ணும் கிடைச்சிருக்கு. பாத்துட்டு அப்புறமா அந்த நிலவறை உரிமைப் பத்திரத்துல கையெழுத்துப் போடுங்களேன்."

"இன்னைக்குச் சாயங்காலம் சர்ச் குழு கூடுது. பாதிரியாரம்மா பன்னண்டு மணிக்கு வாசலுக்கே வர்றாங்க."

"ரெண்டு மணி நேரத்துல உங்க பிரபு ஓடியா போயிடுவார்?"

"முந்நூத்தைம்பது வருஷமா ஓடாதவர் இப்பவா ஓடுவார்? அதான் பாக்காமலே போடறேன்."

பன்னிரண்டு மணிக்குப் பேனாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். 'நான் பார்த்தலோமியூ கிரேத்தோர்னின் ரத்தம். அவர் பக்கத்தில் படுக்க உரிமை கோருகிறேன்' என்ற வரிக்குக் கீழே, ரோஸலிண்ட் அம்மாளின் காரின் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மழைத் துளி ஒன்று விழுந்தும் மை கலையவில்லை. நல்ல மை.

இரண்டு மணிக்கு மேசையில் பதிவேடு வந்தது. வெளியே மழை. படிப்பறையில் நார்மனையும் டெல்மாவையும் தவிர யாரும் இல்லை. நார்மன் புத்தகத்தை மெத்தைத் தாங்கியில் சாய்த்து, ஈயமணி கோத்த எடைச் சரத்தைத் தாளின் மேல் கிடத்தினார்.

வாடை அப்போதுதான் வந்தது.

முதலில் வெண்ணெய். கெட்டுப்போன வெண்ணெய், நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும் காறல். அதற்குக் கீழே இன்னொன்று. நார்மன் நாற்றங்களில் பட்டம் வாங்காத பேராசிரியர். சாக்கடை இல்லை. செத்த எலி இல்லை. முட்டை இல்லை. கசாப்புக் கடையின் பின்கட்டில் வாளியை மூடாமல் வைத்தால் மத்தியானத்துக்குமேல் வருமே, அது. உள்ளேயே இருக்க வேண்டியது வெளியே வந்துவிட்ட வாடை.

டெல்மா மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்து நின்றார். "தப்பா நினைக்காதீங்க. பையில சாப்பாடு ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"இல்லையே."

"கேட்டுத்தான் ஆகணும். போன வருஷம் ஒருத்தர் மீன் வறுவலைச் சாக்ஸுக்குள்ள வெச்சுக் கொண்டாந்தார்."

அவர் போனதும் நார்மன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆகஸ்ட் மூன்றாம் தேதிக்குப் போனார். குமாஸ்தா விட்டுவிட்ட சொல் அங்கே தெளிவாக இருந்தது.

'பார்த்தலோமியூ கிரேத்தோர்ன் பிரபுவின் குடல்கள் இன்று அடக்கம் செய்யப்பட்டன.'

குடல்கள்.

குடல்கள் மட்டும்.

டெல்மா மறுபடி வந்து எட்டிப் பார்த்தார். "ஓ, இதுவா! பெரிய மனுஷங்க வெளியூர்ல செத்தா இதான் வழக்கம். ஆகஸ்ட் வெயில், நாப்பது மைல், மாட்டு வண்டி. யோசிச்சுப் பாருங்க. உள்ள இருக்கறதை எடுத்துச் செத்த ஊர்லயே புதைச்சுட்டு, மிச்சத்துக்கு மசாலா தடவி ஊருக்குக் கொண்டுபோவாங்க. உங்க ரெண்டு பிரபுவும் ஒரே ஆளுதான், மிஸ்டர் கிரேத்தோர்ன். பாகப்பிரிவினை பண்ணியிருக்காங்க."

தன் நகைச்சுவையில் தானே மகிழ்ந்து அவர் இடத்துக்குப் போனார். நார்மனுக்கு மத்தியானம் சாப்பிட்ட ஹாம் ரொட்டி தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

உயில் வழக்குக் கட்டைப் பிரித்தார். பிரபு உயிலை எழுதவில்லை. சாகும் தறுவாயில் ஹோல்பி சத்திரத்தில் வாயால் சொல்லியிருந்தார். அதனால் கேட்டவர்களை நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வைத்திருந்தார்கள். சத்திரக்காரி, ஜோன் பெட்டிஃபர் என்ற விதவை, இப்படிச் சொல்லியிருந்தாள்:

'மாடிப்படியில் மகன் தாமஸும் வைத்தியரும் பேசிக்கொண்டது பிரபுவின் காதில் விழுந்துவிட்டது. அவர் மகனைக் கூப்பிட்டு, என்னைப் பிரிக்காதே, முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோ என்று அழுதார். மகன் சரி என்றார். அதற்கு முன்பே ஜாடி கேட்டு என்னிடம் ஆள் அனுப்பியிருந்தார். என்னிடம் வெண்ணெய் ஜாடிதான் இருந்தது. அடியில் கொஞ்சம் வெண்ணெய் மிச்சம். கழுவ நேரம் தரவில்லை.

'வைத்தியர் கை வைத்தபோது பிரபு இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். எனக்குத் தெரியாது. அவர் கண்கள் வைத்தியரின் கையோடு போய்ப் போய் வந்தன. நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. சுற்றிச் சுற்றி ஜாடிக்குள் இறக்கினார்கள். மூடி உட்காரவில்லை. தாமஸ் முழங்கையால் அழுத்தினார். பக்கவாட்டில் வழிந்ததை நான் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் துடைத்துக்கொண்டார்.'

நார்மன் எழுந்து போய்விட வேண்டும் என்று நினைத்தார். ஆனால் பழைய காகிதம் படிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பக்கத்தின் கடைசி வரியைப் பார்க்காமல் அவர்களால் எழுந்திருக்க முடியாது.

'பிரபு கடைசியாகச் சொன்னது இது. மகன் என்னை ஏமாற்றினால், பின்னால் எவன் என் ரத்தம் என்று கையெழுத்துப் போட்டு என் பக்கத்தில் படுக்க வருகிறானோ, அவன் எனக்கு வயிறு தரட்டும்.'

காகிதத்திலிருந்து விரலை எடுத்தார்.

விரல் வரவில்லை.

இழுத்தார். பிசின்போல ஏதோ ஒன்று நூல் நூலாக நீண்டு அறுந்தது. விரல் நுனி மஞ்சளாகப் பளபளத்தது. அதை எதில் துடைப்பது என்று தெரியாமல் கையைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

எதிர் நாற்காலியை யாரோ இழுத்தார்கள்.

நீளமான பழுப்புக் கோட்டு. தொப்பி. தோளில் கிராம்பும் மிளகும் கலந்த தூசி. நல்ல உயரமான மனிதர். அவர் உட்கார்ந்தார்.

உட்கார்ந்துகொண்டே போனார்.

காலிச் சாக்கை நாற்காலியில் வைத்தால் எப்படி மடியுமோ அப்படி, மார்பு இறங்கி மடியில் படிந்தது; தோள் இறங்கி இடுப்பைத் தொட்டது; முகவாய் மேசை விளிம்பில் வந்து நின்றது. கோட்டின் நடுவில் ஒன்றும் இல்லை. கண்கள் மட்டும் நார்மனின் கையோடு போய்ப் போய் வந்தன.

"தாமஸ் தரல" என்றது வாய்.

நார்மன் பேசினார். எப்படிப் பேசினார் என்று அவருக்கே தெரியாது. "ஜாடியை... ஜாடியைத் தோண்டி எடுத்துத் தந்துடறேன்யா."

"அதுல இப்ப என்னப்பா இருக்கும்?"

நியாயமான கேள்வி.

"கையெழுத்து உன்னோடதுதானே?"

அந்த முகம் மேசைமேல் இன்னும் கொஞ்சம் முன்னால் வழிந்து வந்தது. நார்மனின் சட்டைப் பொத்தான் இரண்டுக்கு நடுவே ஏதோ குளிர்ச்சியாக நுழைந்தது. வலிக்கவில்லை. கோழியைச் சுத்தம் செய்பவர்கள் உள்ளே கைவிட்டுத் துழாவுவார்களே, அந்த மாதிரி, அவசரமில்லாத, பழகின கை.

"மிஸ்டர் கிரேத்தோர்ன்!" டெல்மா தோளை உலுக்கினார். "மேசைமேல தலை வெச்சுத் தூங்கக் கூடாது. விதி இருக்கு."

எதிர் நாற்காலி காலி. நார்மன் கழிவறைக்கு ஓடினார். வாந்தி எடுக்கக் குனிந்தார். குமட்டியது, ஆனால் ஹாம் ரொட்டியும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. வர வேண்டியது உள்ளே இல்லாத மாதிரி வெறும் காற்று வந்தது.

அங்கே நின்றபடியே ரோஸலிண்ட் அம்மாளுக்குப் போன் போட்டார். "அந்தப் பத்திரத்தைக் கிழிச்சுடுங்க. எனக்கு நிலவறை வேண்டாம். நான் யாரோட ரத்தமும் இல்ல."

"குழுவுக்கு அனுப்பியாச்சே! எல்லாருக்கும் சந்தோஷம். இவ்வளவு பக்காவா நிரூபிச்சு நான் யாரையும் பாத்ததில்ல."

"நான் பொய் சொன்னேன்னு வெச்சுக்கோங்க."

"சொன்னீங்களா?"

நார்மன் வாயைத் திறந்தார். ஏழு மாத உழைப்பு. ஒவ்வொரு தேதியும் உண்மை.

"இல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போனார். டாக்டர் இருதயத்தைக் கேட்டுத் தலையாட்டினார். குழாயை வயிற்றில் வைத்தார். இடம் மாற்றினார். குழாயைத் தட்டிப் பார்த்து மறுபடி வைத்தார்.

"சாப்பிடறீங்களா?"

"நிறைய."

"வெளிக்குப் போறது?"

"செவ்வாய்க்கிழமையிலிருந்து போகல. போகணும்னு தோணவும் இல்ல."

"வயித்துக்குள்ள எப்பவும் ஏதாவது ஒரு சத்தம் இருந்துட்டே இருக்கும், மிஸ்டர் கிரேத்தோர்ன். கார் நின்னாலும் என்ஜின் ஓடற மாதிரி." டாக்டர் மூன்றாம் தடவையாகக் குழாயை வைத்தார். "உங்களுக்கு ஆளே இல்லாத வீடு மாதிரி இருக்கு." திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் க்வெண்டா மாட்டிறைச்சியைச் சுட்டு, உருளைக்கிழங்கு, பட்டாணி, குழம்பு, யார்க்ஷயர் புட்டிங் எல்லாம் பரப்பினாள். நல்ல வெளிச்சம். நார்மன் ஒரு தட்டு சாப்பிட்டார். இரண்டாவது தட்டும் சாப்பிட்டார். சட்டை தொளதொளவென்று முதுகெலும்புவரை உள்ளே போய்க் கிடந்தது.

"சாப்பிடறது எல்லாம் எங்கடா போகுது?" என்றாள் க்வெண்டா, பாதி சிரிப்பாக.

அவருக்குப் பசி. நிறுத்த முடியாத பசி. ஆனால் அது தன்னுடையது இல்லை என்று எப்படியோ தெரிந்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. விருந்து முடிந்த வயிற்றுக்குள் கேட்கும் சத்தம். நீளமாக, ஈரமாக, வளைந்து வளைந்து இறங்கி, கடைசியில் திருப்தியாக ஒரு ஏப்பம். சுட்ட இறைச்சியும் பட்டாணியும் மணத்தன.

"மன்னிப்புக் கேளு, நார்மன். மேசையில உக்காந்துக்கிட்டு."

"நான் இல்ல."

க்வெண்டாவின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. அவள் மெல்லத் திரும்பினாள். மேசையின் மறு கோடியில், யாருக்கும் தட்டு வைக்காத இடத்தில், ஒரு நாற்காலி இருந்தது. அதன் பழைய மெத்தை யாரோ நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி அமுங்கியிருந்தது.

"நார்மன்," என்று கிசுகிசுத்தாள், "சாப்பிடாதே."

அவர் நிறுத்தத்தான் பார்த்தார். கை கேட்கவில்லை. அடுத்த துண்டை வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

எதிரே இருந்த காலி நாற்காலி அதைச் செரித்தது.