சிவப்பு ஒட்டுப் போட்ட மேலங்கி

இந்தியாவிலிருந்து கப்பல் வந்துவிட்டது என்று மாதா கோயில் மணி அடித்ததும் லிஸ்பன் ஊரே ஆற்றங்கரைக்கு ஓடியது. அரசருக்கு மிளகு வந்த மகிழ்ச்சி. எங்கள் தெருக்காரர்களுக்கு மிளகு முக்கியமா? போன ஆட்கள் திரும்பினார்களா என்பதுதான் கவலை.

பத்து வயது கிராசியா, இரண்டு வருடங்களுக்கு முன் கப்பலேறிய அப்பா துவார்த்தேயைத் தேடிக் கூட்டத்துக்குள் புகுந்தாள்.

"ஏய் வாலு, காலை மிதிக்காதடி!" என்று கத்தினாள் ஒரு மீன்காரி.

"வழியில ஏன் காலை வெச்சிருக்கீங்க?"

அப்போது அப்பாவின் பழுப்பு மேலங்கி கண்ணில் பட்டது. முதுகில் சிவப்பு ஒட்டு. அம்மா தன் பழைய பாவாடையைக் கிழித்துத் தைத்தது. கிராசியா ஓடிப்போய்ப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

"அப்பா!"

திரும்பியவர் அப்பா இல்லை. ஈறு வீங்கி, பல் விழுந்த யாரோ ஒரு மாலுமி.

"இது எங்கப்பாவோடது! திருடுனீங்களா?"

"இல்லம்மா, ஏலத்துல எடுத்தேன். பாய்மரத்தடியில..." அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

பாய்மரத்தடியில் யாருடைய துணிமணி ஏலம் போகும் என்று எங்கள் தெருக் குழந்தைகளுக்கும் தெரியும். கடலில் இறந்தவர்களுடையது. கிராசியா மேலங்கியின் ஓரத்தைப் பற்றிக்கொண்டாள்.

அதற்குள் கூட்டத்தின் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "கிராசியா! அப்பா தெரியறாரா?"

அம்மாவும் இந்த முதுகைப் பார்த்தால் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். அந்த நொடி சந்தோஷத்துக்குப் பிறகு விழும் அடி எப்படி வலிக்கும் என்று கிராசியாவுக்கு இப்போது தெரியும்.

"மாமா, சீக்கிரம் கழட்டுங்க! எங்கம்மா பாத்தா அப்பான்னு நெனச்சுடுவாங்க."

மாலுமி உடனே கழற்றிக் கொடுத்தார். ஒட்டு உள்ளே போகும்படி அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள் கிராசியா. மூச்சிரைக்க வந்த அம்மாவின் கைகளைப் பிடித்தாள்.

"உக்காரும்மா. அப்பா வரல. இனிமே வரமாட்டார்."

அம்மா ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகள் மடியில் வைத்த மேலங்கியில் முகத்தைப் புதைத்து அழுதாள். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"சாகும்போது பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"நான் இருந்தேங்க்கா" என்றார் மாலுமி. "கடைசியா நான்தான் தண்ணி குடுத்தேன்."

ஆற்றுக் காற்றில் அவர் வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தேடி ஒருவரும் வரவில்லை. கிராசியா கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க மாமா. கடிச்சு மெல்ல வேண்டாம், சூப்புதான். அம்மா மூணு பேருக்கு வெச்சிருக்காங்க."