பொய் விமானத்தில் இன்னொருவன்

யுத்த காலம். பூந்தமல்லியில் ஆர்மோனியம் பழுது பார்க்கும் வேம்புலியை ஆவடி பட்டாளக் கொட்டகைக்கு வரவழைத்தார்கள். பேயே எதிரில் வந்து நின்றாலும் உதட்டைப் பிதுக்கி, "பழைய சரக்காச்சே" என்று மதிப்பைக் குறைக்கிற ஆள் அவர்.

கொட்டகைக்குள் விமானம் ஓட்டப் பழகுவதற்கான ஒரு பொய் விமானம் இருந்தது. ஒற்றை ஆள் உட்காரும் மரப்பெட்டி. காலடியில், ஆர்மோனியத்தில் உள்ளதைப் போல, தோல் துருத்திகள். மாணவன் ஏறியதும் மூடியைச் சாத்திவிடுவார்கள். வானமும் தெரியாது, தரையும் தெரியாது. கருவி முட்களைப் பார்த்தே ஓட்ட வேண்டும். துருத்திக் காற்றில் பெட்டி நின்ற இடத்திலேயே திரும்பும். அவன் 'பறந்த' வழியை, வெளியே மேஜைமேல் விரித்த வரைபடத்தில் ஒரு மைச்சக்கரம் கோடாக இழுக்கும்.

"கோடு பீச்சாங்கைப் பக்கமாவே இஸ்துகினு போவுது, நைனா," என்றார் மேஜையைக் கவனிக்கும் டேவிட். "இதுல பழகுன ஜெயராமன், நெசமா பறந்தப்போ மேகத்துல அப்டியே திரும்பி, பருத்திப்பட்டு ஏரியில உயுந்து செத்தான். நாளைக்கு என் தம்பி சத்தியராஜ் பறக்கணும்."

"துருத்தி எங்கியோ ஒழுவுது. நான் உள்ள குந்திகினு தேடுறேன். கோடு இன்னா பண்ணுதுன்னு நீ போன்ல சொல்லிகினே இரு."

மூடி விழுந்தது. பட்டப்பகல் அணைந்தது.

துருத்திகள் மூச்சு வாங்கின. தோல் வாசனை. அதற்கும் அடியில், ஏரிச் சேற்றின் வாடை.

தடவித் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து, மெழுகுத் தோலை வைத்து அழுத்தினார்.

"நேரா போவுது நைனா!" காதுக்குழாயில் டேவிட் கூவினார்.

வேம்புலியின் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

பின்னால் வெறும் பலகைதான்.

"டேவிட்டு... மிஷினை நிறுத்து."

"அப்பவே நிறுத்திட்டேனே, நைனா."

மூச்சு நிற்கவில்லை.

மூடியை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தார். டேவிட் வரைபடத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். மைச்சக்கரம் தானாக ஊர்ந்தது. ஜெயராமன் விழுந்த ஏரியில் கிளம்பி, கோணாமல், ஆவடியை நோக்கி. வேம்புலியின் உதடு பிதுங்கவில்லை. நடுங்கியது.

கொட்டகை இருக்கும் இடத்துக்கு வந்ததும் சக்கரம் நின்றது.

ஆளில்லாத பெட்டிக்குள் கிடந்த காதுக்குழாய் கரகரத்தது.

"வழி சரியாச்சுண்ணா. நாளைக்கு தம்பிகூட நானும் வரேன்."

சுவர் ஆணியில் மாட்டியிருந்த சத்தியராஜின் தோல் தொப்பியிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.