ஏழாவது கண்டெய்னர்

பேகம்பூரில் இருந்த அந்த அலுவலகத்தில் பூட்டு உடையவில்லை, பொருள் ஒன்றும் போகவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு சைபர் கிரைம் எஸ்.ஐ. சௌந்தர்யா அங்கே வந்து இறங்கினார்.

வாசலில் முதலாளி முகமது யாசினின் கார் நின்றது. எண் 786, பிஸ்மில்லாவைக் குறிக்கும் எண். கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த அவருடைய செல்பேசி எண்ணும் 786 என்றே முடிந்தது. எதையும் அரைகுறையாக விடாத மனிதர்.

வேடசந்தூர்ப் பக்கத்து மில் பஸ் எங்கே வருகிறது என்று, வேலைக்குப் போன பெண்களின் வீட்டுக்குத் தெரிவிப்பது அவர் தொழில். அலுவலகத்தில் ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். ஒரே வீட்டில் தனித்தனிக் குடித்தனம் வைத்தது போல, அதற்குள் ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு கண்டெய்னர். ஆறு மில்களின் கண்டெய்னர்கள் ஒழுங்காக ஓடின. ஏழாவதாகப் புதிதாகத் தொடங்கியதை மட்டும் யாராலும் எட்ட முடியவில்லை.

"ஃபாரிஸ்தான் மேடம்," என்றார் யாசின். "இந்த சர்வரைப் பாத்துக்கிட்டவன். பிள்ளை மாதிரி வச்சிருந்தேன். சென்னையில வேலை கெடச்சிருச்சுன்னு வெள்ளிக்கிழமை நின்னுட்டான். சனிக்கிழமை தொடங்குனதுல இருந்து இது படுத்தே கெடக்கு. போறப்ப எதையோ பண்ணிட்டுப் போயிருக்கான். கேஸ் போடுங்க."

விசாரணைக்கென்று வரவழைத்த ஃபாரிஸ் மூலையில் நின்றிருந்தான். "நான் எதையும் தொடல மேடம்," என்றான்.

"வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா பாய்?"

"பொண்ணு வீட்டுக்குச் சொல்லிட்டேன். வர்ற மாசம் இவனுக்கு நிக்காஹ். பேசி முடிச்சதே நான்தான். என்னைய நம்பிக் குடுக்குறவங்ககிட்ட மறைக்கக் கூடாதுல்ல."

வழக்கு பதிந்தால் இந்தப் பையனின் சென்னை வேலையும் அதோடு சரி. சௌந்தர்யா அங்கிருந்த பொறியாளர் நர்கீஸின் பக்கம் திரும்பினார்.

"உள்ள புரோகிராம் ஓடுதா?"

"ஓடுது மேடம். கண்டெய்னருக்குள்ளயே கேட்டா சரியா பதில் வருது."

"வெளிய இருந்து?"

"பிங் அடிச்சு இருக்கியான்னு கேட்டா இருக்கேன்னு சொல்லுது. உள்ள போகப் பாத்தா மறுக்குது. ஃபயர்வால் விதி பழைய ஆறுக்கும் இதுக்கும் ஒண்ணுதான். அழிச்சிட்டு நாலஞ்சு தடவை புதுசா தொடங்கிட்டேன். அதே கதை."

"அட்ரஸ் யாரு குடுக்குறது?"

"அதுவே எடுத்துக்கும். நம்ம ஆபீஸ் நெட்வொர்க் 192.168.7. அதுக்குப் பின்னாடி எண்பதுல இருந்து கண்டெய்னருக்குன்னு ஃபாரிஸ் ஒதுக்கி வச்சிருக்கான். வரிசையில காலியா இருக்குற முதல் நம்பர் வரும்."

அப்போது அலமாரியில் இருந்த ஒரு பெட்டியிலிருந்து பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்தது. நர்கீஸ் முக்காட்டை இழுத்துவிட்டாள். பேச்சு நின்றது. தெருக்கோடிப் பள்ளிவாசலின் பாங்கு அதற்குச் சற்றுப் பின்னால்தான் கேட்டது.

யாசின் தொழப் போனார். ஃபாரிஸும் அதே பள்ளிவாசலுக்குத்தான் போனான். என்றும் அவர் பக்கத்திலேயே நிற்பவன், அன்று கடைசி வரிசையில் நின்றான்.

இருவரும் திரும்பி வந்ததும் சௌந்தர்யா சொன்னார்: "நர்கீஸ், ஏழாவதை நிறுத்துங்க. நிறுத்திட்டு அதே அட்ரஸுக்குப் பிங் அடிங்க."

"நிறுத்தினப்புறம் எங்கிட்டு இருந்து மேடம் பதில் வரும்?"

"அடிங்க."

அடித்தாள். திரையில் பதில் வரிவரியாக வந்துகொண்டே இருந்தது. நர்கீஸ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

சௌந்தர்யா அலமாரிக்குப் போய், பாங்கு சொன்ன சின்னக் கறுப்புப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். பதில் நின்றது.

"இப்ப ஏழாவதைத் தொடங்குங்க."

ஏழாவது மில்லின் பஸ்கள் பச்சைப் புள்ளிகளாகத் திரையில் வந்தன. யாரும் சந்தோஷப்படவில்லை.

"இது எப்ப வந்துச்சு பாய்?"

"என் தம்பி துபாய்ல இருந்து கொண்டாந்தான். நெட்டுல நேரம் பாத்துப் பாங்கு சொல்லும். கரண்டு போய் வந்தா நெட்டு கிடைக்காம நேரம் தப்புச்சு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வந்து, நானே நிரந்தரமா ஒரு நம்பர் போட்டேன்."

"எந்த நம்பரு?"

யாசின் வாசலில் நின்ற காரைப் பார்த்தார்.

"நான் சொல்றேன். காரு 786, போனு 786. நெட்வொர்க் ஏழுல முடியுது. பக்கத்துல 86 போட்டா 7.86. உங்க கை வேற எங்க போகும்? எண்பதுல தொடங்கி ஆறு மில்லுக்கு எண்பத்தஞ்சோட சரி. ஏழாவதுக்கு 86. வெளிய ஒரு பெட்டி அதை எடுத்திருக்கிறது கண்டெய்னருக்குத் தெரியாது. எத்தனை தடவை அழிச்சுத் தொடங்கினாலும் அதே 86. ஒரு அட்ரஸ், ரெண்டு குடித்தனம். பஸ் எங்கன்னு கேட்டா பாங்குப் பெட்டிக்கு என்ன தெரியும்? பிங் அடிச்சா பதில் வருதேன்னு எல்லாரும் கண்டெய்னரையே நோண்டுனீங்க. பதில் சொல்றது யாருன்னு ஒருத்தரும் கேக்கல. இதைச் செஞ்சது நீங்கதான் பாய்."

யாசின் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கார்ச் சாவியை எடுத்தார். "வா ஃபாரிஸ். பொண்ணு வீட்டுக்குப் போவோம். தப்பு என் மேலன்னு நானே சொல்றேன்."

"நேத்தே நிச்சயச் சேலையைத் திருப்பிக் குடுத்துட்டாங்க பாய்," என்றான் ஃபாரிஸ். அவன் குரல் உயரவில்லை. "உம்மா அதை மடியில வச்சிக்கிட்டு சாப்பிடாம உக்காந்திருக்கு. நான் செய்யலன்னு சொன்னேன். உம்மாவே என்னை நம்பல. முதல்ல எங்க வீட்டுக்கு வாங்க."

யாசின் எழுதிக் கொடுத்திருந்த புகார்த் தாளை மடித்து சௌந்தர்யா அவர் முன் வைத்தார். யாசின் அதைத் தொடவில்லை. கார்ச் சாவியை அதன் மேலேயே வைத்துவிட்டு, ஃபாரிஸுக்குப் பின்னால் நடந்தே போனார்.