அறுபது படம் காட்டும் திரை

குளியலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு புறா இரண்டு முட்டை இட்டது. கம்ப்யூட்டர் வாங்கிய கதையைச் சொல்ல வந்துவிட்டு ஏன் புறாவைப் பற்றிச் சொல்கிறேன் என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது, பொறுங்கள்.

அந்த வீட்டில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். வகுப்பில் உயரப்படி நிற்கச் சொன்னால் முதல் ஆள் அவள்தான். அவ்வளவு குட்டை. ஆனால் ஒன்றைப் பிடித்தால் விட மாட்டாள். பேச்சிலும் சுருக்கென்று ஒரு காரம். அதனால் வீட்டில் எல்லோரும் அவளை மிளகு என்றே கூப்பிட்டார்கள்.

மிளகு அந்த முட்டைகளை அம்மாவின் ஃபோனில் படம் பிடித்தாள். முட்டை விரிந்தது. குஞ்சுகள் கண் திறந்தன. ஒரு நாள் மழை கொட்டியபோது தாய்ப்புறா இறக்கையை விரித்துக் குடை பிடித்தது. கடைசியில் ஒரு காலை, இரண்டாவது குஞ்சு விளிம்புக்கு வருவதும் பின்வாங்குவதுமாகக் கால்மணி நேரம் போக்குக் காட்டிவிட்டு, சட்டென்று பறந்தேவிட்டது. நாற்பத்தெட்டு நாள். இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடியோத் துண்டுகள்.

இதை ஐந்து நிமிடப் படமாக ஒட்டிக் கொடுத்தால் நூலகத்துச் சிறுவர் படவிழாவில் போடுவார்கள். கொடுக்கக் கடைசி நாள் அடுத்த புதன்கிழமை, மாலை ஐந்து மணி.

ஃபோனிலேயே ஒட்டிப் பார்த்தாள். இரண்டு நிமிடம் ஒட்டியதும் ஃபோன் தோசைக்கல் மாதிரி சூடாகி அணைந்தது. நான்கு முறை முயன்றாள். நான்கு முறையும் அதே கதை.

"என் ஃபோனை வறுத்து எடுக்காதேடி! ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டா நான் எதுல பேசுவேன்?" என்று அம்மா பிடுங்கிக்கொண்டாள். அம்மா நர்ஸ்.

நல்லவேளை, அந்த வாரம் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வரப்போகிறது. அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு அலுவலகத்தில் திரைகளை மாற்றியபோது, நன்றாக இருந்த பழைய மானிட்டர் ஒன்றை அட்டைப்பெட்டியோடு அவரிடம் கொடுத்திருந்தார்கள். மற்ற பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டுவது என்று முடிவாகியிருந்தது. அதற்கான பணத்தை அப்பா ஓர் உறையில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"இவ்வளவுதான். சனிக்கிழமை கடைக்குப் போறோம். இதுக்குமேல ஒரு காசு கேட்டாலும் என் சட்டைப்பையில துணி மட்டும்தான் இருக்கு."

பட்டியல் போடும் வேலை அண்ணனுக்கு. அவனுக்கு வயது பதினைந்து. ஆறு வீடியோ பார்த்து, நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு பட்டியல் போட்டிருந்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதைக் கொண்டுவந்து மேசைமேல் பெருமையாக விரித்தான்.

மிளகு எட்டிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பெரிய தொகை கிராபிக்ஸ் கார்டுக்கு. திரையில் தெரியும் படத்தை வரைந்து தருவது அதுதான். அடுத்தது எல்லாப் பாகத்தையும் உள்ளே வைக்கும் கண்ணாடிக் கேபினெட், ஆறு வண்ண விளக்கு விசிறிகளோடு. அதற்குக் கீழே, வேலை நடக்கும்போது எல்லாவற்றையும் விரித்துவைக்க இடம் தரும் ரேம், கோப்புகளைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டி என்று எல்லாம் அடித்துத் திருத்தியிருந்தது.

"இது என்ன அண்ணா, ரேம் பதினாறுன்னு இருந்ததை எட்டாக்கிட்ட?"

"பட்ஜெட் தாண்டிடுச்சு. எங்கயாவது கை வைக்கணும்ல?"

"எஸ்எஸ்டியும் பாதி ஆயிடுச்சு. என் புறா எங்க தங்கும்?"

"ஜன்னல்ல தங்கும்."

"நான் துண்டுகளைச் சொல்றேன்! இதுல உன் கேமே ஒண்ணுதான் கொள்ளும் போலிருக்கு. எட்டு ரேம்ல எடிட்டிங் பண்ணினா ஃபோன் மாதிரியே நின்னுடும்."

"அம்மா தாயே, அஞ்சு நிமிஷப் படத்துக்காக நான் என் கார்டை விடணுமா? கார்டு போச்சுன்னா அது கம்ப்யூட்டர் இல்ல, கால்குலேட்டர்."

அம்மா பாத்திரம் கழுவியபடி சொன்னாள்: "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே பட்டியலோட வாங்க. ரெண்டு பட்டியல் வந்தா உறை என் அலமாரிக்குப் போயிடும்."

மிளகு அன்று அழவில்லை. அழுதால் ரேம் கூடுமா என்ன? ஒரு நோட்டை எடுத்துப் பட்டியலை அப்படியே எழுதிக்கொண்டாள். எதைக் குறைத்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் பள்ளிவிட்டு நேராகத் தெருமுனைக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவளை எல்லோரும் ஸ்க்ரூ அக்கா என்பார்கள். எப்போதும் வாயில் இரண்டு திருகாணியைக் கவ்வியபடிதான் பேசுவாள்.

"அக்கா, உங்க கடையில செத்துப்போன பாகம் எல்லாம் எங்க போடுவீங்க?"

அக்கா திருகாணிகளைக் கையில் துப்பினாள். "எது நல்லதுன்னு கேட்டுதான் எல்லாரும் வருவாங்க. நீ என்ன, செத்ததைக் கேக்கிற?"

"எது அதிகமா சாகுதுன்னு எண்ணிப் பாக்கணும்."

அக்கா சிரித்துக்கொண்டே மேசைக்கடியில் இருந்த இரண்டு பெரிய பிளாஸ்டிக் கூடைகளைக் காலால் தள்ளிவிட்டாள். "எண்ணு. எண்ணிட்டு மறுபடி அடுக்கி வைக்கணும், ஆமா."

மிளகு தரையில் உட்கார்ந்து எண்ணினாள். கை கரியானது. சட்டையும் கரியானது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் ஒன்றே ஒன்று. அதுவும் யாரோ கீழே போட்டுக் கால் வளைந்தது. ரேம் மூன்று. விளக்கு விசிறி பதினொன்று. பவர் சப்ளைப் பெட்டியோ இருபத்துமூன்று! கம்ப்யூட்டருக்குள் எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. அதில் பத்தொன்பது, தூக்கினால் காலி டப்பா மாதிரி லேசாக இருந்தன.

"இதெல்லாம் ஏன் இவ்வளவு லேசு?"

"உள்ள இருக்க வேண்டியது இல்ல, அதான். விலையைக் குறைக்கணும்னா எல்லாரும் முதல்ல இங்கதான் கை வைப்பாங்க. ஆனா இது தனியா சாகாதும்மா. போகும்போது கூட ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போகும்."

மிளகு நோட்டைப் பார்த்தாள். அண்ணன் பட்டியலில் மிகக் குறைந்த தொகை எழுதியிருந்தது பவர் சப்ளைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணன் முகம் சுருங்கியது. "சரி, பவர் சப்ளை நல்லதாவே வாங்கலாம். அப்ப ரேம் இன்னும் குறையும், பரவாயில்லையா?"

பாருங்கள், ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் தெரிகிற போர்வை மாதிரி இருந்தது அந்த உறை.

வியாழக்கிழமை முழுதும் மிளகுக்கு இதே யோசனை. கணக்கு வகுப்பில் ஆசிரியை "எட்டும் எட்டும்?" என்று கேட்க, "பதினாறு ரேம்" என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தாள்.

அன்று சாயங்காலம் மானிட்டரைத் தூசி தட்டினாள். அட்டைப்பெட்டியின் அடியில் ஒரு கையேடு கிடந்தது. மிளகுக்குக் கையேடு படிக்கப் பிடிக்கும். வீட்டில் வேறு யாரும் படிக்காததால் சண்டையில்லாமல் கிடைக்கிற ஒரே புத்தகம் அது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் அவள் விரல் நின்றது. இந்தத் திரை ஒரு நொடிக்கு அதிகபட்சம் அறுபது படம் காட்டும்.

நொடிக்கு அறுபது படம்! அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. ஃபோன் கேமராவிலும் முப்பதா அறுபதா என்று கேட்கும். ஓடுகிற படம் என்பதே வேகமாக மாறுகிற நிற்கும் படங்கள்தானே.

நோட்டோடு அண்ணனிடம் ஓடினாள். அவன் எடிட்டிங் செயலி ஏறாத பழைய மடிக்கணினியில் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தான். ஹெட்செட்டில் ஒரு காது வேலை செய்யாததால் தலையைக் காக்கா மாதிரி ஒரு பக்கம் சாய்த்து, "என்னடா? என்ன சொன்ன?" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். நீ நிஜமா தினமும் விளையாடுறது எத்தனை கேம்?"

"நூறு இருக்கும்."

"பேர் சொல்லு. எழுதிக்கிறேன்."

அண்ணன் விரல் விட்டான். கால்பந்து. கார் பந்தயம். கோட்டை கட்டுகிற ஒன்று. நான்காவது விரல் பாதியிலேயே நின்றது.

"மத்ததெல்லாம் இனிமே விளையாடுவேன்."

"சரி. நீ சொன்ன பெரிய கார்டு, இந்தக் கால்பந்தை நொடிக்கு எத்தனை படம் வரையும்?"

"நூத்தம்பது!" அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினான். "வீடியோவுல பாத்தேன். பட்டாசு மாதிரி ஓடுது."

"நம்ம மானிட்டர் அறுபதுதான் காட்டும்." கையேட்டை விரித்தாள். "மிச்சத் தொண்ணூறு படம் எங்க போகும்?"

அண்ணன் கையேட்டைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தான். அறுபது அறுபதாகவே இருந்தது.

"வரைஞ்சு வரைஞ்சு வாசல்லயே நிக்கும் போல," என்றாள் மிளகு.

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "எட்டுப் பேர் ஏறுற லிஃப்ட்டுக்கு இருபது பேரைத் தூக்குற மோட்டார் போட்ட கதைடா இது."

"நீங்க சும்மா இருங்கப்பா," என்றான் அண்ணன். ஆனால் அவன் குரலில் முன்பிருந்த முறுக்கு இல்லை.

அப்புறம் இருவரும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு கேமாகத் தேடிப் பார்த்தார்கள். நடுத்தர கார்டிலேயே மூன்றும் அறுபதைத் தாண்டி ஓடும் என்று இருந்தது. படம் ஒட்டி முடித்துக் கோப்பாக்கும்போதும் அதே கார்டு கை கொடுக்கும் என்று தெரிந்ததும் மிளகு ஒரு குட்டிக்கரணம் போட்டாள்.

கார்டில் மிச்சமானதை வைத்துப் பவர் சப்ளை நல்லதானது. ரேம் பதினாறுக்கு ஏறியது. எஸ்எஸ்டிக்குத்தான் இன்னும் கொஞ்சம் போதவில்லை.

இப்போது மிச்சம் இருந்தது கண்ணாடிக் கேபினெட். மிளகு அதன்மேல் கை வைக்கவில்லை. அண்ணன் அந்தப் படத்தை ஃபோனில் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தான் என்று அவளுக்குத் தெரியும். பென்சிலை அவனிடம் கொடுத்தாள்.

அண்ணன் ரொம்ப நேரம் பென்சிலைக் கடித்தான். பிறகு ஒரே கோடாக அடித்தான். "விளக்கு எரிஞ்சா என்ன, கோல் விழப்போகுதா?" சாதாரண இரும்புக் கேபினெட் என்று எழுதினான். எஸ்எஸ்டிக்கும் வழி பிறந்தது.

கூட்டிப் பார்த்தால் கொஞ்சம் மிஞ்சியது. "இதுல உன் படத்துக்குக் குரல் குடுக்க ஒரு மைக் வாங்கிக்கோ," என்றான் அண்ணன், தாராளமாக.

"வேண்டாம்." மிளகு கடைசி வரியில் ஹெட்செட் என்று எழுதினாள். "நீ காக்கா மாதிரி கத்துறது என் படத்துல பதிவாயிடும்."

சனிக்கிழமை கடைக்காரர் சும்மா விடவில்லை. விளக்கு மின்னும் கேபினெட்டைத் தடவித் தடவிக் காட்டினார். "தம்பி, இதைப் பாருங்க! கொஞ்சம் பவர் சப்ளையில குறைச்சா இது வந்துடும்."

அண்ணன் மிளகைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, "அது தனியா சாகாது சார். கூட ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போகும்," என்றான். கடைக்காரர் பில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் படுதா விரித்துப் பூட்டும் வேலை. அப்பா திருப்புளி பிடித்தார். அண்ணன் பொருத்தினான். மிளகு கையேட்டைப் பார்த்து ஒவ்வொரு படியாகச் சத்தமாகப் படித்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு அண்ணன் பொத்தானை அழுத்தினான்.

விசிறி சுற்றியது. திரை மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது.

அணைத்துப் போட்டார்கள். மறுபடியும் கறுப்பு.

"போச்சு!" அண்ணன் தலையில் கை வைத்தான். "சின்ன கார்டு போதும்னு உன் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

புதன்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள்தான் இருந்தது. ஆனாலும் மிளகு எழுந்து போகவில்லை. கம்ப்யூட்டரின் பின்பக்கம் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"விசிறி சுத்துதுல்ல? அப்ப கரண்ட் வருது. பவர் சப்ளை நல்லாயிருக்கு." விரலால் வயரைத் தொட்டுக்கொண்டே போனாள். "மானிட்டர் வயர் இங்க இருக்கு, பிராசசர் உட்கார்ந்திருக்கிற பெரிய பலகையில, மதர்போர்டுல." விரல் நின்றது. "அண்ணா, படம் வரையறது யாரு?"

"கார்டு."

"நம்ம பிராசசருக்கு வரையத் தெரியுமா?"

"தெரியாது. அந்த வகை விலை கூடன்னு..." அண்ணன் எழுந்தே விட்டான். "வரையத் தெரியாதவன் வீட்டுக் கதவைப் போய்த் தட்டியிருக்கோம்!"

மிளகு கம்ப்யூட்டரை அணைத்தாள். வயரை உருவி, கீழே கார்டின் ஓட்டையில் சொருகினாள். அண்ணன் பொத்தானை அழுத்தினான்.

திரை நீலமாக விழித்துக்கொண்டது. அப்பா கை தட்ட, உள்ளறையிலிருந்து அம்மா பதறி ஓடிவந்தாள். "என்ன வெடிச்சுது?"

"எதுவும் வெடிக்கலம்மா," என்றான் அண்ணன். "இவளை இனிமே ஸ்க்ரூ தங்கச்சின்னு கூப்பிடலாம்."

திங்கள், செவ்வாய், புதன். மிளகு பள்ளிவிட்டு வந்து ஒட்டினாள், வெட்டினாள், மறுபடி ஒட்டினாள். இருநூறு துண்டும் ஒன்றாய்த் திறந்தும் கம்ப்யூட்டர் திணறவில்லை. புதன்கிழமை நாலே காலுக்குக் கடைசித் துண்டை வைத்தாள். கோப்பாக்கும் கோடு மெல்ல நகர்ந்து நூறைத் தொட்டது. அதைப் பென் டிரைவில் ஏற்றினாள். நூலகம் இரண்டு தெரு தள்ளித்தான்.

"கிளம்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்துடறேன்," என்றாள்.

அது அண்ணனுடைய கால்பந்து நேரம். புது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு காதிலும் நண்பர்கள், "எங்கடா போன? சீக்கிரம் வா!" என்று கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் அந்த இரண்டாவது குஞ்சு விளிம்புக்கு வந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. அண்ணன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டான்.

"இருங்கடா," என்றான் மெதுவாக. "இப்பதான் பறக்கப் போகுது."