பெயின்ட் படக்கூடாத இடங்கள்

கச்சான் காற்று கொளுத்துகிற காலத்தில், காலையில் அடித்த பெயின்ட் பின்னேரமாகியும் கையில் ஒட்டுமா? தனஞ்சயனுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பாலையூற்று வீட்டின் பின்பக்கக் கொட்டிலில், பழைய மோரிஸ் மைனர் எஞ்சினின் சாமான்கள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. எல்லாம் நன்றாக இறுகிவிட்டன. எஞ்சினின் தலையை மூடுகிற டெப்பட் கவர் மட்டும் பச்சைப் பசேலென்று ஈரமாக மின்னியது. நட்ட நடுவில் ஒரு பெருவிரல் அடையாளம்.

"நிரோ, நீர் இதைத் தொட்டனீரோ?"

"எனக்கென்ன விசரா? அந்த மணத்துக்கே தலையிடிக்குது," என்றாள் மனைவி நிரோஜினி குசினியிலிருந்து.

குனிந்து பார்த்தான். பாதிப் பெருவிரல். எஞ்சின் பெல்ட்டுக்குள் பெருவிரல் நுனியைப் பறிகொடுத்தவன் அவனுக்குத் தெரிந்து ஒருத்தன்தான், கூட்டாளி கஜீபன். அவன் செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது.

தோப்பூரில் துருப்பிடித்துக் கிடந்த இந்தக் காரை இரண்டு பேருமாகத்தான் இழுத்து வந்தார்கள். பாதி வேலை முடிந்ததும் கஜீபன், "கார் என்ர பேரிலதான். நீ சும்மா கையுதவிக்கு வந்தனீ" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு பொறுக்காமல், தூக்கிய எஞ்சினுக்குக் கீழே அவன் படுத்திருந்தபோது தனஞ்சயன் சங்கிலியை விட்டான். கை தவறிவிட்டது என்று அழுதான். ஊர் நம்பியது. மனதுக்குள் ஒரு துளி வருத்தமும் இல்லை, கேட்க ஆளில்லாமல் கார் கிடைத்ததே!

செத்தவன் வந்து பெயின்ட் தொட்டுப் பார்ப்பானாம்! தின்னர் போட்டுத் துடைத்து மறுபடி அடித்தான்.

ஸ்பிரே கன்னுக்குக் காற்றடிக்கிற கொம்பிரசரை நிறுத்திவிட்டுத் திரும்பியபோது துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. அது அடங்கியதும் இன்னொரு சத்தம், அரத்தாள் மெல்ல மெல்ல வட்டமாக உரசுகிற சத்தம், கொட்டிலின் இருண்ட மூலையில் தொடங்கி, கூரைத் தகரத்தின் முனகலோடு கலந்து, அவன் முதுகுக்குக் கிட்ட வந்து நின்றது. யாருமில்லை. மண்ணெண்ணெய் மணம். அவனுடைய கையிலிருந்துதான். முழங்கை வரை நனைந்திருந்தது. மயிரெல்லாம் போய், தோல் வழுவழுவென்று தேய்ந்து, பொட்டுப் பொட்டாக இரத்தம்.

ஐயோ! இது பெயின்ட் அடிக்க முன் செய்கிற வேலையல்லவா? கழுவுவது. தேய்ப்பது. பிறகு?

ஓடப் பார்த்தான். மணிக்கட்டில் கம்பி. இரண்டிலும். கால் நிலத்தில் இல்லை. சாமான்களின் வரிசையில் கடைசியாகத் தொங்கினான்.

டேப் கிழிகிற சத்தம். பெயின்ட் படக்கூடாத இடங்களைத்தான் டேப் ஒட்டி மூடுவார்கள். வாய் மூடியது. கன்னம். நெற்றி.

"இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஆறுது," என்று நிரோஜினி கூப்பிட்டாள்.

கத்தினான். சத்தம் டேப்புக்குள்ளேயே நின்றது. ஆனால் அவனுடைய அதே குரல், அவனுக்குப் பின்னாலிருந்து, நிதானமாகப் பதில் சொன்னது.

"ஒரு கோட் அடிச்சிட்டு வாறன்."

"ஓம், ஆறுதலா வாங்கோ."

கொம்பிரசர் உறுமியது. கண் இரண்டில் மட்டும் டேப் இல்லை. குளிர்ந்த விரல்கள் இமைகளை விரித்துப் பிடித்தன. ஸ்பிரே கன்னின் சின்ன வாய் கண்ணுக்கு நேரே வந்து நின்றது.