பென்சில் தின்ற சுவர்

பள்ளிக்கூட வாசலில் அவள் வண்டியை நிறுத்தும்போது மதிய வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. முன்னால் நெடுஞ்சாலை. அதற்கு அந்தப் பக்கம் ஒரு வாடகைக் கூடத்தில்தான் இப்போது சின்ன வகுப்புகள் நடக்கின்றன. காலையும் மாலையும் பிள்ளைகள் அந்தச் சாலையைக் கடக்கிறார்கள். வேகத்தடை போட்டாயிற்று, 'பள்ளிப் பகுதி' என்று பலகை வைத்தாயிற்று, மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் கன்னம் உப்ப விசில் ஊதுகிறார். எந்த லாரிக்காரனுக்கும் காது கேட்பதாகத் தெரியவில்லை. போன வாரம் ஒரு லாரி ஒரு பிள்ளையின் புத்தகப் பையை உரசி இழுத்துக்கொண்டு போய்விட்டது. நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நடந்து வந்தது அவளுடைய மகள்.

நகராட்சியில் கட்டட ஆய்வாளர் அவள். அவள் கையெழுத்துப் போட்டால் பழைய கட்டடம் திறக்கும், மகள் அந்தச் சாலையைக் கடக்க வேண்டாம். அதனால் கையெழுத்துப் போட்டுவிடும் மனதோடுதான் வந்திருந்தாள்.

கட்டடத்தை மூட வைத்தவர் இப்போது உயிரோடு இல்லை. அங்கே பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தவர். வருடக்கணக்கில் இருமிக்கொண்டிருந்து, விடுமுறையில் இருமியபடியே போய்ச் சேர்ந்தார். நுரையீரலில் கல்நார்த் தூசி, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசி, என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் சுவர்களில் அடித்திருந்த பழைய ஆஸ்பெஸ்டாஸ் பலகைகளைப் பிரித்தெடுக்க உத்தரவு வந்தது. 'மாமா', 'மாமா' என்று அவரைப் பற்றி மகள் நிறையச் சொல்லியிருக்கிறாள். பெருக்க வந்தால் துடைப்பக் கட்டையால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாராம். உடனே பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓட வேண்டும். தூசி அடங்கும்வரை ஒருத்தரையும் உள்ளே விடமாட்டார். அவர் மட்டும் உள்ளே நிற்பார்.

மகள் சொன்ன இன்னொன்றை மட்டும் அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வருடம் முழுக்க அவளுக்குப் பென்சில் வாங்கி மாளவில்லை. எங்கே போயிற்று என்று கேட்டால், "சுவரு தின்னுடுச்சும்மா" என்பாள். நன்றாகக் கதை விடுகிறாய் என்று செல்லமாகக் குட்டி, அடுத்த பென்சிலின் தலையில் சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தாள். அதுவும் போயிற்று.

பலகைகளைப் பிரிக்கும் வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் ஓடிவந்து வரவேற்றார். எதைச் சொன்னாலும் "சரிங்கம்மா" என்பதால் அலுவலகத்தில் அவருக்கு அதுவே பெயர். சரி என்று சொன்ன வேலையைச் செய்தாரா என்பது தனிக் கதை.

கல்நார் எடுத்த அறையைச் சோதிப்பதற்கு ஒரு முறை உண்டு. அறையைச் சுற்றிப் பாலித்தீன் கட்டி, உள்காற்று வெளியே கசியாதபடி உறிஞ்சும் விசிறி வைப்பார்கள். உள்ளே கொண்டுபோன தாளோ பேனாவோ திரும்பி வரக்கூடாது, குப்பைப் பையில்தான் போட வேண்டும். அதனால் ஆய்வாளர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. சான்றிதழில் வெளியிலேயே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போவார்கள். குறை இருந்தால் வந்து கிழித்துவிடலாம். அவள் இதுவரை ஒன்றைக்கூடக் கிழித்ததில்லை.

கையெழுத்துப் போட்டாள். வெள்ளை உடுப்பும் முகமூடியும் மாட்டிக்கொண்டு ஜிப்பைத் திறந்து உள்ளே நுழைந்தாள். பின்னால் ஒப்பந்தக்காரர் ஜிப்பை இழுத்து மூடினார்.

மகள் படித்த அறைதான். சன்னல்களைக் கறுப்புப் பாலித்தீன் அடைத்திருந்ததால் பட்டப்பகலிலும் இருட்டு. மூலையில் ஒரு பேட்டரி விளக்கு. விசிறி இழுத்த இழுப்பில் பாலித்தீன் சுவர்கள் உள்பக்கமாகத் தொப்பை போட்டு விறைத்து நின்றன. பின்சுவரில் மட்டும் பாலித்தீன் இல்லை, புதுப்பலகை அடித்துப் பெயிண்ட் பூசியிருந்தது. சோதனைக்கு முன்னால் புதுப்பலகை அடிக்கச் சொன்னது யார்? கேட்க வேண்டும் என்று நினைத்தாள். பெயிண்ட் வாசனைக்கு அடியில் ஈரச் சாக்கின் வாடை இருந்தது.

விசிறி நின்றது.

மின்வெட்டுத்தான். விசிறி நின்றால் பாலித்தீன் தளர்ந்து தொங்க வேண்டும். அது தளர்ந்தது. பிறகு மெல்ல உள்ளே இழுத்தது. சற்று நின்றது. மறுபடி தளர்ந்தது.

மூன்று பக்கமும் ஒரே நேரத்தில்.

உள்ளே. வெளியே. இழுக்கும்போதெல்லாம் சளி கட்டிய நெஞ்சிலிருந்து வருவதுபோல 'கர்' என்றொரு சத்தம்.

அவள் வாசலுக்கு ஓடினாள். ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். பாலித்தீன் அதை விழுங்கிக்கொண்டு விறைத்திருந்தது, விரல் நுழைய இடமில்லை.

"கரண்ட் போயிடுச்சு. ஜிப்பைத் திறங்க."

"சரிங்கம்மா."

குரல் கேட்டது. ஜிப் அசையவில்லை.

"சீக்கிரம் திறங்களேன்."

"சரிங்கம்மா." இந்த முறை குரலின் வாலில் ஒரு இருமல்.

ஒப்பந்தக்காரருக்கு இருமல் கிடையாது.

குரல் வந்தது ஜிப்புக்கு அந்தப் பக்கமிருந்து அல்ல. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் செத்துவிடுவேன் என்று தோன்றியது. முகமூடிக்குள் வேர்வை வழிந்து கண் எரிந்தது. மகளை யார் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று சம்பந்தமில்லாமல் நினைத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம்.

டொக். டொக்.

பின்சுவரில், மரக்கட்டையால்.

வெளியே போ என்று அர்த்தம். போகத்தான் வழியில்லை.

டொக். டொக்.

வேறு வழியில்லாமல் திரும்பினாள். யாரும் இல்லை. புதுப்பலகையின் கீழ்மூலை மட்டும், தட்டுக்குத் தட்டு, ஆணியோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. கால்கள் தானாக நடந்தன. மூலையைப் பிடித்து இழுத்தாள். பலகை கையோடு வந்தது.

அதற்குப் பின்னால் பழைய ஆஸ்பெஸ்டாஸ் பலகை அப்படியே இருந்தது. எடுக்கவே இல்லை, மறைத்து மூடியிருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் முகம் வரும் உயரத்தில் அதில் ஒரு ஓட்டை. பிள்ளைகளின் விரல் பட்டுப் பட்டு அதன் விளிம்பு வழவழப்பாகியிருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி தூசி. அதற்குள் கொத்துக் கொத்தாகப் பென்சில்கள்.

ஒன்றின் தலையில் சிவப்பு நூல்.

வருடம் முழுக்க என் பிள்ளை இந்த ஓட்டையில் முகத்தை வைத்து விளையாடியிருக்கிறாள். அந்த நினைப்பு வந்தபோது பேய்ப் பயம் அவளைவிட்டுப் போயே போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

விசிறி ஓடத் தொடங்கியது. ஜிப் ஒரே இழுப்பில் திறந்தது. முறைப்படி குளித்துத்தான் வெளியே வர வேண்டும். வாசலை ஒட்டிய தடுப்பில் தூசி போக அவசரமாகக் குளித்தாள்.

வெளியே ஒப்பந்தக்காரரைக் காணவில்லை. அவள் உள்ளே போன கையோடு அவர் சான்றிதழை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போய்விட்டாராம். அத்தனை நேரமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாராம். நேராக அங்கே போய், மேசை மேலிருந்த தாளை எடுத்து அவள் நான்காகக் கிழித்தாள். ஒப்பந்தக்காரர் முதன்முறையாகச் சரிங்கம்மா சொல்லவில்லை.

தலைமையாசிரியை அவள் முகத்தைப் பார்த்தாள். "ரோட்டுல ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது, மேடம்?"

அவள் கிழிந்த துண்டுகளைக் கைக்குள் கசக்கினாள். "உள்ள விட முடியாது, டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலை மகளின் கையை இறுகப் பிடித்து அந்தச் சாலையைக் கடந்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். விளக்கேற்றும் நேரம். மகள் கட்டிலில் சாய்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். இனி வீடு மாறலாம், பள்ளி மாறலாம், நல்ல மருத்துவராகப் பார்க்கலாம் என்று அம்மா மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தப்பித்துவிட்டோம் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள்.

மகள் ஒரு தடவை இருமினாள். வறண்ட சின்ன இருமல்.

"என்னடா கண்ணு, சளியா?"

"இல்லம்மா. எப்பவும் வர்றதுதான்."

சாத்தியிருந்த சன்னலின் திரை மெல்ல உப்பியது. சற்று நின்றது. கண்ணாடியோடு போய் ஒட்டிக்கொண்டது.

டொக். டொக்.

கட்டிலை ஒட்டிய சுவரில்.

மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழகிய கையால் நோட்டை மூடினாள், சட்டை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், கட்டிலைவிட்டு இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வெளிய வாங்கம்மா. மாமா பெருக்க வந்துட்டாரு."