நாலு போல்ட்டில் இரண்டு

பகல் 1.35.

கீழே பட்டறையில் விழுந்த சத்தத்தில் மாடியில் தண்ணீர் டம்ளர் குதித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பேரும் எச்சில் கையோடு படியிறங்கி ஓடினார்கள். முன்னால் பட்டறை முதலாளி, பின்னால் அவருடைய இளைய மகன், கடைசியில் அவன் மனைவி. பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினார்கள்.

எண்பது வயதுக் கார் ஒன்றின் ஆறு சிலிண்டர் இன்ஜின் ஸ்டாண்டிலிருந்து பிய்த்துக்கொண்டு தரையில் குப்புற விழுந்து கிடந்தது. மேல்பக்கம் சிமெண்டில் மோதி, வார்ப்பிரும்பு கையகலத்துக்கு உடைந்திருந்தது.

வாசலில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்த மூத்த மகனும் ஓடிவந்தான். பார்த்தவுடன் அவன் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

மாலை 4.10.

இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயரம்மா ஆட்டோவிலிருந்து இறங்கியபோதே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. காரணம் இருந்தது. அன்று காலை நகரத்தின் பெரிய மில் ஒன்று தீப்பற்றியிருந்தது. அந்த மாதிரி கேஸுக்காக அவள் ஆறு வருஷம் தவம் கிடந்திருக்கிறாள். ஆனால் மேனேஜர் அதைத் தூக்கி, போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார். இவளுக்கு வந்தது விழுந்த இன்ஜின். வயிறு பற்றி எரிய, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "உன்னைவிட்டா இதுக்கு ஆளே கிடையாது" என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லிவிட்டு வந்திருந்தாள். சொன்ன வாயைக் கழுவவேண்டும் போல இப்போதும் இருந்தது.

போகட்டும். வந்த வேலையைப் பார்ப்போம் என்று குனிந்தாள்.

ஸ்டாண்ட் என்பது சக்கரம் வைத்த இரும்புக் கால், அதன்மேல் ஒரு தூண், தூணின் உச்சியில் சுழலும் தலை, தலையில் நாலு கைகள். கியர்பாக்ஸைக் கழற்றிய பிறகு இன்ஜினின் பின்முகத்தை அந்த நாலு கைகளோடு நாலு போல்ட் போட்டு இறுக்கிவிட்டால், இன்ஜின் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். கைப்பிடியைத் திருப்பினால் இன்ஜின் போல்ட்டோடு சேர்ந்து சுழலும். நிமிர்த்தியும் வேலை பார்க்கலாம், தலைகீழாகக் கவிழ்த்தும் பார்க்கலாம். எந்தப் பக்கம் திருப்பினாலும் மேலே வருகிற இரண்டு போல்ட்தான் பாரத்தை இழுத்துப் பிடிக்கும்.

நாலு போல்ட்டையும் தேடி எடுத்தாள். இரண்டு நல்ல நீளம், விழுந்த வேகத்தில் வளைந்திருந்தன. மற்ற இரண்டும் குட்டை. அதில் நாலே நாலு மரை பிடித்திருந்து, அதுவும் மழுங்கி உருவிக்கொண்டு வந்திருந்தது. இன்ஜினின் ஓட்டைகளைப் பார்த்தாள். மரை மழுங்கிய இரண்டு ஓட்டைகளும் அடிப்பக்கம், அதாவது ஆயில் தொட்டி மாட்டுகிற பக்கம். அந்த ஆயில் தொட்டி கொஞ்சமும் நசுங்காமல், விளிம்பில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட் அட்டையைச் சுரண்டிய நிலையில், மேஜைமேல் இருந்தது. பக்கத்தில் ஒரு ரப்பர் சுத்தியல்.

"இன்ஜினை மாட்டினது யார்?"

"நான்தான் மேடம்." மருமகள் முன்னால் வந்தாள். முப்பது வயசு, கையெல்லாம் கிரீஸ், அழுத கண். "நாலும் நீள போல்ட்தான் போட்டேன். சத்தியமா."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "பத்தரைக்கு இவ மாட்டினதும் நான் ஸ்பேனர் வச்சுப் பார்த்தேன். இறுக்கம் சரியா இருந்துச்சு. நீளத்தைப் பார்க்கலை, அது என் தப்பு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். கவனக்குறைவுன்னு நீங்க எழுதினா இவ இனிமே இன்ஜினைத் தொடக்கூடாது. வீட்டு மனுஷின்னு நான் பார்க்கமாட்டேன்."

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். லேத் பட்டறையில் நின்று வளர்ந்தவள். ஏழு வருஷம் இந்த வீட்டில் அடுத்தவர் வேலைக்குத் துணை வேலை பார்த்து, முதன்முதலாகக் கைக்கு வந்த முழு இன்ஜின் இது.

சர்வேயரம்மா ஒவ்வொருவராக ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டாள். முதலில் பெரியவன். அறைக்குள் நுழையும்போதே பொரிந்துகொண்டு வந்தான்.

"இந்த இன்ஜின் எனக்கு வரவேண்டியது. இருபது வருஷமா இந்தப் பட்டறையில இன்ஜின்னா நான்தான். அப்பாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சு, தம்பி பொண்டாட்டிகிட்ட தூக்கிக் கொடுத்துட்டார்."

"பொறாமையா?"

"ஆமா, பொறாமைதான்! இல்லைன்னு சொல்ல நான் என்ன சாமியாரா?"

"மாட்டின பிறகு இன்ஜின்கிட்ட தனியா நின்னீங்களா?"

"எல்லாரும் டீ குடிக்கப் போனாங்க, நான் போகலை. எங்கேயாவது தப்புப் பண்ணியிருப்பாளான்னு சுத்திச் சுத்திப் பார்த்தேன். ஒண்ணும் கிடைக்கலை. அந்தக் கடுப்புல பதினோரு மணிக்குக் கஸ்டமர் காரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பிட்டேன். கார்க்காரர் கூடவே இருந்தார், கேட்டுக்குங்க. திரும்பினது ஒண்ணேகால். ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்துச்சு, வாசல்லயே உட்கார்ந்துட்டேன்."

"சாவி?"

"ஒரே சாவிதான். என்கிட்ட யாரு கொடுக்கப்போறாங்க?"

கார்க்காரருக்குப் போன் போட்டாள். பெரியவன் சொன்னது அட்சரம் பிசகாமல் சரியாக இருந்தது.

அடுத்து சின்னவன் வந்தான். சாந்தமான முகம், வாரிய தலை. கார்ப்புரேட்டர் வேலையெல்லாம் அவன் பொறுப்பு.

"என் பொண்டாட்டி மாதிரி வேலைக்காரி இந்த ஊர்லயே கிடையாது, மேடம்."

"தப்பு அவங்களுது இல்லைங்கறீங்களா?"

"அவ கை தப்பாது. ஏதோ நேரம். இருந்தாலும், அவ மாதிரி வேலைக்காரி கிடையாது." குரலைத் தாழ்த்தினான். "அண்ணன் தனியா நின்னான். நான் சொல்லக்கூடாது, கூடப் பிறந்தவன்."

"அது விழும்போது நீங்க?"

"மாடியில சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அப்பா, அவ, நான். ஒரே மேஜை. அண்ணன் என்ன சொன்னாலும் சரி, என் பொண்டாட்டி மாதிரி வேலைக்காரி..."

"கிடையாது. மூணு தடவை சொல்லிட்டீங்க."

சர்வேயரம்மாவின் பேனா நின்றது. அந்த இனிப்பை எங்கேயோ சாப்பிட்டது போல நாக்கில் தட்டியது. எங்கே? இன்று காலை, ஆபீஸில், தன் வாயிலேயே. அடிப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் வெறும் வாசனையை வைத்து ரிப்போர்ட் எழுத முடியாது.

கடைசியாக மருமகள்.

"டீ குடிச்சுட்டு வந்து என்ன பண்ணினீங்க?"

"பன்னிரண்டே காலுக்கு இன்ஜினைக் கவிழ்த்தேன். ஆயில் தொட்டி பிடிச்சுக்கிட்டு வரவே இல்லை. அரை மணி நேரம் ரப்பர் சுத்தியலால சுத்திச் சுத்தி அடிச்சேன்."

முதலாளி வெளியிலிருந்தே குரல் கொடுத்தார். "ஆமாம்மா, நான் முக்காலுக்கு மாடிக்குப் போற வரைக்கும் டம் டம்னு அடி. காது போச்சு."

"அப்புறம்?"

"தொட்டியைக் கழற்றி, சுரண்டி வச்சேன். ஒரு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்து சாப்பிடக் கூப்பிட்டார். நான் கை கழுவப் போயிட்டேன். ஷட்டரை அவர் இறக்கிட்டு வந்தார்."

"கவிழ்த்த இன்ஜினைத் திரும்ப நிமிர்த்தினீங்களா?"

"இல்லை மேடம். அப்படியே விட்டுட்டுத்தான் போனேன்."

மாலை 5.30.

நாலு பேரையும் ஸ்டாண்டைச் சுற்றி நிற்கவைத்தாள் சர்வேயரம்மா. காலியாக இருந்த தலையில், விழும்போது குட்டை போல்ட் இருந்த மேல் கைகள் இரண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டாள்.

"குட்டை போல்ட் எப்போ உள்ளே போச்சு? பத்தரைக்கே இவங்க போட்டாங்கன்னா கவனக்குறைவு. டீ நேரத்துல பெரியவர் மாத்தினார்னா சதி. நீங்க எல்லாரும் இந்த ரெண்டுல ஒண்ணுன்னுதான் நினைக்கிறீங்க. விழும்போது இன்ஜின் எப்படி நின்னுச்சுன்னு மட்டும் யாரும் யோசிக்கலை."

கைப்பிடியைப் பிடித்து அரைச் சுற்று சுற்றினாள். இன்ஜின் நிமிர்ந்து நிற்கும் நிலைக்குத் தலை வர, கோடு போட்ட கைகள் கீழே போயின.

"நிமிர்ந்து நிக்கும்போது அடிப்பக்கத்துப் போல்ட்டுக்குப் பெரிசா வேலை இல்லை. குட்டையா இருந்தாலும் தெரியாது. ஆனா பன்னிரண்டே காலுக்கு இவங்க இன்ஜினைக் கவிழ்த்தாங்க. தொட்டி மேஜைமேல முழுசா இருக்கு, அதுவே சாட்சி. கவிழ்த்த உடனே அடிப்பக்கம் மேலே வந்துடுச்சு. மொத்த பாரமும் அந்த ரெண்டு போல்ட்டுலதான். அப்போ அது குட்டையா இருந்திருந்தா முதல் அடியிலயே இன்ஜின் இவங்க கால்மேல இருந்திருக்கும். அரை மணி நேரம் அடிச்சும் அசையலை. முதலாளி காதே சாட்சி."

பெரியவன் வாயைப் பிளந்தான். "அப்போ ஒரு மணி வரைக்கும் நீள போல்ட்தான் இருந்திருக்கு!"

"ஆமா. ஒரு மணிக்கு மேலதான் மாத்தியிருக்காங்க. ஒண்ணைக் கழற்றி ஒண்ணு போட்டா இன்ஜின் அசையாது, மிஞ்சிப்போனா அஞ்சு நிமிஷம். நாலு மரையில எத்தனை நேரம் தாங்கும்? அரை மணி தாங்கியிருக்கு. பெரியவர் வந்தப்போ ஷட்டர் பூட்டியாச்சு. முதலாளி அதுக்கு முன்னாடியே மாடியில. இவங்க கை கழுவப் போயாச்சு. மிச்சம், ஷட்டரை இறக்கின ஆள்." சின்னவன் பக்கம் திரும்பினாள். "விழும்போது நீங்க மேஜையில இருந்தீங்க. அது எனக்குத் தேவையே இல்லாத சாட்சி."

சின்னவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. பேண்ட் பாக்கெட்டுக்குள் கையைவிட்டு, இரண்டு நீள போல்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"பத்து வருஷம்ப்பா," என்றான் முதலாளியைப் பார்த்து. "பத்து வருஷமா ஒரு முழு இன்ஜின் என்கிட்ட கொடுக்கலை நீங்க. அண்ணனுக்குக் கொடுத்தீங்க, பொறுத்துக்கிட்டேன். இவளுக்குக் கொடுத்தீங்க. இப்போ கடைத்தெருவுல எனக்குப் பேரே இல்லை, 'அந்த மெக்கானிக்கம்மா புருஷன்'. ராத்திரி தூக்கம் வரலை. அவ அடிபடக்கூடாதுன்னுதான் சாப்பிடக் கூப்பிட்டேன். ஒரு தடவை, ஒரே தடவை அவ தப்புப் பண்ணட்டும்னு..."

"டேய், எனக்கும்தான் வயிறு எரிஞ்சுது," என்றான் பெரியவன். "நான் ஊரறியக் கத்திட்டுப் போயிட்டேன். நீ சிரிச்சுக்கிட்டே போல்ட்டைக் கழற்றியிருக்கியேடா, பாவி!"

முதலாளி அங்கிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். சர்வேயரம்மா ரிப்போர்ட்டில் 'கவனக்குறைவு' என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு, 'மாட்டியவர்மேல் தவறு இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுத்தாள்.

மருமகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமாகி ஏழு வருஷத்துல இவரா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது இன்னைக்குத்தான் மேடம்," என்றாள். "எழுந்திருக்கப் பார்த்தேன். உட்காரு, என்ன அவசரம், இன்னும் கொஞ்சம் வச்சுக்கோன்னு கையைப் பிடிச்சு உட்காரவச்சார். சரி, நம்ம வேலை இவருக்கும் பிடிச்சிருக்கு போலன்னு நினைச்சேன். வயிறு நிறைஞ்ச பிறகும் சந்தோஷத்துல சாப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய், செயின் பிளாக்கை இழுத்துவந்து இன்ஜினுக்கு மேலே நிறுத்தினாள். உடைந்த வார்ப்பை ஒட்டுவதா, மாற்றுவதா என்று பார்க்க முதலில் அதைத் தரையிலிருந்து தூக்கியாக வேண்டும்.

சின்னவன் அவசரமாக வந்து சங்கிலியில் கைவைத்தான். "தனியாத் தூக்காதே, நான் பிடிக்கிறேன்."

அவள் அவன் கையை எடுத்துவிட்டாள். "வேண்டாம். பெரியவரே, நீங்க வந்து பிடிங்க."

பெரியவன் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தான். "இப்பவும் சொல்றேன், இந்த இன்ஜினை எனக்குத்தான் கொடுத்திருக்கணும்," என்று முனகிக்கொண்டே சங்கிலியைப் பிடித்தான்.

"தெரியும்," என்றாள் அவள். "இழுங்க."